காணாமையும் இசையாமையும்: வீட்டுக் கணினிகளிடையே பொதுக் கோப்புறை

ஒரே வீட்டில் இரு கணினிகள் இருத்தல் இக்காலத்தில் வியப்பன்று. பழையதில் பல்லாண்டு வினாத்தாள்களும் பாடக் குறிப்புகளும் கிடக்கும். புதியதன் முன் அமர்ந்து அவற்றைத் திறக்க முயல்வார் ஆசிரியர், திறவா. உடனே கோப்புகள் அழிந்தன என்று கலங்குவோர் உளர். பெரும்பாலும் அவை இருந்த இடத்திலேயே இருக்கும், வழிதான் அடைபட்டிருக்கும்.

வழி அடைபடுதல் இருவகைத்து. ஒன்று காணாமை, மற்றொன்று இசையாமை. திரையில் தோன்றும் செய்தியை நிறுத்திப் படித்தால் எது நேர்ந்ததென்று விளங்கும். பாதை காணப்படவில்லை எனில் ஒரு கணினி மற்றதை எட்டவே இல்லை. அனுமதி மறுக்கப்பட்டது எனில், எட்டியது, உள்ளே விடப்படவில்லை. இவ்வேறுபாட்டை நோக்காது கண்ட பொத்தானையெல்லாம் அழுத்துவதே காலம் வீணாவதற்குக் காரணம். மாணாக்கருக்கு வினாவைப் படித்துவிட்டு விடை எழுதுக என்று கூறும் ஆசிரியரும் இங்கே வினாவைப் படிப்பதில்லை!

காணாமைக்குரிய காரணங்கள் எளியவை. கோப்புறையுடைய கணினி உறங்கிக் கிடந்தால் விடை தராது. ஒரு கணினி விருந்தினர்க்கென அமைந்த வைஃபையில் இணைந்திருந்தாலும் பிறவற்றைக் காணாது. அவ்வாறு பிரித்து வைப்பதே விருந்தினர் இணைப்பின் நோக்கம். விண்டோஸ், இணைப்பைப் பொது என்றும் தனி என்றும் இரண்டாகக் கொள்ளும். பொது எனக் குறித்திருப்பின் தன்னை மறைத்துக் கொள்ளும். வீட்டில் தனி என மாற்றுதல் வேண்டும். இதன் பின்னும் தோன்றாவிடின், பெயரை விடுத்து, 192.168 எனத் தொடங்குவது போன்ற எண் முகவரியால் அழைத்துப் பார்க்கலாம். எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு வாராதாயின், பிழை பெயரைக் கண்டறியும் பணியில் உள்ளது என்க.

பழைய நூல்களைப் பின்பற்றுவோர் 'ஹோம்குரூப்' என்னும் வசதியைத் தேடி ஏமாறுவர். அது 2018இல் விண்டோஸ் 10இலிருந்து நீக்கப்பட்டது.

இனி இசையாமை. இங்குதான் தடுமாற்றம் மிகுதி. கேட்கப்படும் பெயரும் கடவுச்சொல்லும், கோப்புறை எந்தக் கணினியில் உள்ளதோ அதற்குரியவை. அமர்ந்திருக்கும் கணினிக்குரியவை அல்ல. நாள்தோறும் திறக்கப் பயன்படுத்தும் பின் எண் இங்கே செல்லாது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் இயல்பாக ஏற்பதில்லை. முன்பு சேமித்த தவறான கடவுச்சொல்லைக் கணினி மீண்டும் மீண்டும் ஒப்புவிப்பதும் உண்டு. சான்றுப் பெட்டகத்தில் அதனை நீக்கல் வேண்டும். மேலும், அனுமதிக்கு வாயில்கள் இரண்டு: பகிர்வுக்குரியது ஒன்று, கோப்புறைக்குரியது ஒன்று. ஒன்றில் முழு உரிமையும் மற்றொன்றில் படிக்கும் உரிமையும் தரப்பட்டிருப்பின், குறைந்ததே நிற்கும்.

பொறுமையிழந்தோர் தீச்சுவரை அணைப்பர், எல்லார்க்கும் முழு உரிமை தருவர், 'எஸ்.எம்.பி.' என்னும் பகிர்வு நெறியின் கைவிடப்பட்ட முதற்பதிப்பை மீட்டெழுப்புவர். இம்மூன்றும் கேடு. 2017 மே மாதம் 'வானாகிரை' என்னும் தீநிரல் அம்முதற்பதிப்பின் குறை வழியே புகுந்து, பிரிட்டானிய மருத்துவமனைகளையும் முடக்கியது. குறையைத் திருத்தும் நிரலை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும், பொருத்திக் கொள்ளாத கணினிகள் பலவாயின. அவ்வாண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், முதற்பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதனை மட்டுமே அறிந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினியோடு புதியது உரையாடாமைக்குக் காரணம் இதுவே. அத்தகைய பழங்கணினியிலுள்ள கோப்புகளை யூ.எஸ்.பி. வட்டில் படியெடுத்துக் கொணர்தலே நன்று.

பேரப்பிள்ளைகளும் புழங்கும் வீடாயின், அவர்தம் கணக்குகளுக்குப் படிக்கும் உரிமை மட்டும் தந்தால் போதும். தன் கணினியில் அழித்த கோப்பு குப்பைத் தொட்டியில் கிடக்கும்; பிணையத்தின் வழியே அழித்ததோ பொதுவாக அங்கே செல்வதில்லை, அப்போதே போய்விடும். ஆதலின் பகிர்வைத் திறக்குமுன்னரே வினாத்தாள்கள் அனைத்திற்கும் தனி வட்டில் ஒரு படி எடுத்து, அவ்வட்டைக் கணினியினின்று கழற்றி வைத்தல் வேண்டும்.