கூடுதல் வரி கட்டியவர்களின் பள்ளிக்கூடம்

அமெரிக்காவில் அரசுப் பள்ளி எல்லோருக்கும் இலவசம். அப்படியிருந்தும் ஏழைப் பிள்ளைகளும் கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளும் மதிப்பெண்ணில் பின்தங்கினால், வீட்டில் அக்கறை இல்லை என்றுதானே நினைக்கத் தோன்றும்? டீயை ஆற்றியபடியே இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

அங்கே பள்ளிக்கு மாநிலம் ஒரு பங்கு தரும், மத்திய அரசு கொஞ்சம் தரும். மீதியைப் பெரும்பாலும் அந்தந்தப் பள்ளி வட்டாரமே தன் எல்லைக்குள் சொத்து வரி போட்டுத் திரட்டவேண்டும். நாம் கட்டும் வீட்டு வரியிலிருந்தே வாத்தியாருக்குச் சம்பளம் போவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்குப் போவோம். ஆண்டு 1967-68. எட்ஜ்வுட் வட்டாரத்தில் பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் மெக்சிகோ வம்சாவளி. அருகிலேயே வெள்ளையர் மிகுந்த, வசதியான அலமோ ஹைட்ஸ்.

இங்கேதான் நிதானிக்கவேண்டும். 100 டாலர் சொத்துக்கு எட்ஜ்வுட்காரர்கள் கட்டிய வரி 1 டாலர் 5 சென்ட். அலமோ ஹைட்ஸில் 85 சென்ட்தான். ஏழைகள்தான் கூடுதல் விகிதத்தில் கட்டினார்கள்! ஆனால் வட்டாரத்தின் சொத்து மதிப்பை மாணவர்களுக்குப் பங்கிட்டால் எட்ஜ்வுட்டில் தலைக்கு 5,960 டாலர், அலமோ ஹைட்ஸில் 49,000-க்கும் மேல். சின்னக் கிணற்றில் எத்தனை வாளி விட்டாலும் ஊறுவதுதானே வரும்? மாநிலத்தின் பள்ளி நிதித் திட்டத்துக்கு வட்டாரம் செலுத்தவேண்டிய பங்கு போக எட்ஜ்வுட் திரட்டியது ஒரு பிள்ளைக்கு 26 டாலர், அலமோ ஹைட்ஸ் 333. மாநில, மத்திய உதவியெல்லாம் சேர்ந்த பிறகும் ஒரு பிள்ளைக்கு அலமோ ஹைட்ஸில் 594, எட்ஜ்வுட்டில் 356.

அந்தக் கிணறு தானாகச் சிறுத்ததும் இல்லை. 1930-களில் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களுக்கு வரைபடம் போட்டபோது, கறுப்பினத்தவரும் மெக்சிகோ வம்சாவளியினரும் வாழ்ந்த பல பகுதிகளுக்குச் சிவப்பு தீட்டியது. சிவப்பில் கடன் கிடைப்பது அரிது. கடன் வராத தெருவில் வீட்டு விலை எப்படி ஏறும்?

1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 400 பேர் வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். உடைந்த ஜன்னல்களைச் சரிசெய்யுங்கள், தகுதியுள்ள ஆசிரியர்களைப் போடுங்கள் என்றார்கள். அக்கறையில்லாத பிள்ளை நல்ல வாத்தியார் கேட்டுத் தெருவில் இறங்குமா?

அதே ஆண்டு டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற உலோகத் தகட்டுத் தொழிலாளியும் மற்றப் பெற்றோரும் இந்தப் பள்ளி நிதி முறையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பின்னால் வேறொரு வழக்கில், எட்ஜ்வுட் வட்டாரத்தின் பக்கம் நியாயம் இருக்கிறதென்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அது 1989. வழக்குத் தொடுத்த ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு அப்போது வயது இருபத்தேழு.