மாமாவின் லாரிக்கு மார்கழி இருமல்

மார்கழி விடியற்காலை நாலரைக்குக் கீழ்பென்னாத்தூரில் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று கோயில் ஸ்பீக்கர். இன்னொன்று என் மாமாவின் டாடா 407. ஸ்பீக்கராவது சுருதியோடு பாடும். 407 இருக்கிறதே... 'டக்... டக்டக்... புஸ்...' என்று இருமி, உடம்பெல்லாம் உதறி, தெருவையே வெள்ளைப் புகையில் மறைத்துவிடும். பத்து நிமிஷம் ஓடினால் சாது!

1998 மாடல். மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலை, செஞ்சி என்று அடிக்கிற வண்டி. "இன்ஜினை இறக்கணும், ஒண்ணரை லட்சம் ஆகும்" என்று ஒரு ஷெட்டில் சொல்லிவிட்டார்கள். அத்தையின் சங்கிலி அடகுக்கடைக்குப் புறப்படத் தயார். நான் பி.காம். என்பதால், "மாப்ளே, வட்டி எவ்வளவு வரும்னு கணக்குப் போடு" என்றார் மாமா.

போட்டேன். எனக்கே வயிற்றைக் கலக்கியது. "இன்னொருத்தரைக் கேட்டுட்டு அடகு வைக்கலாமே மாமா?"

புளியமரத்தடியில் பட்டறை போட்டிருக்கும் பெரியவரை அழைத்து வந்தோம். ஸ்பானரைத் தொடவில்லை. "ஆயில் குறையுதா? லோடோட மேடு ஏறும்போது இழுவை இருக்கா?" என்றார்.

"ஆயில் குறையலை. இழுவை நல்லா இருக்கு."

"அப்புறம் எதுக்கு இறக்கணும்?"

பைக் ஓட்டும் நம் ஜாதிக்கு ஒரு விஷயம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நசுக்கு நசுக்கென்று நசுக்கினால் 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். 1897-ல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய அதே வித்தை. குளிரில் ஜில்லென்று கிடக்கும் இரும்பு அந்தச் சூட்டைத் தின்றுவிடும். அரைகுறையாக எரிந்த டீசல்தான் வெள்ளைப் புகை. நல்ல வண்டியே கொஞ்சம் முனகும்.

மறுநாள் விடியலில் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். இருமியது. நாசிலுக்குப் போகிற பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்தி, மறுபடி இறுக்கினார். தளர்த்தியதும் அந்த சிலிண்டருக்கு டீசல் நின்றுவிடும். சத்தம் இன்னும் கெட்டால், அது உழைக்கிற ஆள். மாறவே இல்லையென்றால், சம்பளம் மட்டும் வாங்குகிற ஆள்! (நம் ஆபீஸில் இந்த டெஸ்ட்... வேண்டாம் சார்.) நான் எட்டிப் பார்த்தேன். "தம்பி, கையை நீட்டாதே. அந்த பிரஷர் தோலைக் கிழிச்சு உள்ளே போயிடும்" என்று அதட்டல்.

நாலு சிலிண்டரும் பாஸ். "அப்போ கோளாறு நாலுக்கும் பொதுவான இடத்துல. டீசல் வர்ற வழி" என்றார்.

அடுத்த நாள் சாவி போடுவதற்கு முன், டீசல் பம்ப் பக்கத்தில் இருக்கும் ஹேண்ட் பிரைமரை இருபது தடவை அடிக்கச் சொன்னார். ஃபில்டரின் ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் சோடா மாதிரி நுரை! நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்கி ஸ்டார்ட் செய்தால்... இருமலே இல்லை.

டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு. "ஒரு சொட்டு ஒழுகலையே?" என்றார் மாமா. அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோமாம். அது பம்ப் உறிஞ்சுகிற பக்கம். டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ராத்திரி முழுக்க டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிட, பைப்பில் காற்று குடியேறும். காலையில் அது வெளியேறுகிற வரைக்கும்தான் அந்த ஆட்டம்.

புது ஹோஸ், இரண்டு கிளாம்ப், செம்பு வாஷர், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. சங்கிலி அத்தை கழுத்திலேயே இருக்கிறது.

எதிர்வீட்டுக்காரருக்குத்தான் கோபம். 407 இருமலில் எழுந்து முதல் பஸ் பிடிப்பவராம். மூணு நாளாக ஆபீஸுக்கு லேட்.