நிழல்களைப் பிரிக்கும் கணக்கு

எக்ஸ் கதிர்ப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது உண்மையில் ஒரு நிழல். கதிர் உடலை ஊடுருவும்போது, வழியிலுள்ள திசு ஒவ்வொன்றும் அதில் ஒரு பங்கை உட்கவர்கிறது. மறுபுறம் வந்து சேரும் கதிர், இந்த இழப்புகளின் மொத்தத்தையே காட்டும். எந்த ஆழத்தில் எவ்வளவு இழப்பு என்று காட்டாது.

மார்பகப் புற்றுநோயைக் கண்டறிவதில் இது பெரிய இடையூறு. படத்தில் கொழுப்பு கருமையாகவும், சுரப்பித் திசு வெண்மையாகவும் தெரியும். புற்றுக்கட்டியும் வெண்மையே! ஆகவே சுரப்பித் திசு செறிந்த இடத்தில் கட்டி மறைந்துவிடலாம். நல்ல திசுக்களின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கட்டிபோலத் தோன்றவும் கூடும். முன்னதில் நோய் தப்பிவிடுகிறது; பின்னதில் நோயற்ற பெண் வீண் அச்சத்துக்கும் மேற்சோதனைகளுக்கும் ஆளாகிறார்.

மொத்தத்தைக் கொண்டு பகுதிகளைக் காண இயலுமா? தாளும் பென்சிலும் எடுங்கள். இரண்டு வரிசை, இரண்டு நிரலாக நான்கு கட்டங்கள் வரையுங்கள். மேல்வரிசையின் கூடுதல் 7, கீழ்வரிசை 5, இடது நிரல் 4, வலது நிரல் 8. கட்டங்களில் உள்ள எண்கள் யாவை? மேலே 1, 6, கீழே 3, 2 என எழுதினால் பொருந்தும். மேலே 2, 5, கீழே 2, 3 என எழுதினாலும் பொருந்தும்! ஆனால் இடது மேல்கட்டமும் வலது கீழ்க்கட்டமும் சேர்ந்து 3 என்று சொல்லிவிட்டால், முதல் விடை மட்டுமே நிற்கும். மற்றொரு திசையிலிருந்து பார்த்ததும் ஐயம் நீங்கிவிட்டது.

எல்லாத் திசைகளிலிருந்தும் மொத்தங்கள் தெரிந்தால் உள்ளமைப்பை அறியலாம் என்று ஆஸ்திரியக் கணித அறிஞர் ராடான் 1917-இல் நிறுவினார். இக்கருத்தையொத்த முறையில் ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த சி.டி. ஸ்கேன் கருவி, 1971-இல் லண்டனில் ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. அவருக்கும் கார்மாக்குக்கும் 1979-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஒருவர் மின்பொறியாளர், மற்றவர் இயற்பியலார். இருவருமே மருத்துவர் அல்லர்!

மார்பகத்துக்கென வந்த முறை டோமோசிந்தசிஸ். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2011-இல் இதற்கு முதன்முறையாக ஒப்புதல் அளித்தது. இதில் கதிர்க்குழாய் ஒரு சிறு வில்லில் நகர்ந்தபடி பல படங்களை எடுக்கிறது. கதிரே தீங்கு செய்யக்கூடியது ஆதலால், ஒவ்வொரு படத்துக்கும் மிகக் குறைந்த கதிரே தரப்படுகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 20 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தை 0.1 மில்லிமீட்டர் புள்ளிகளாகப் பிரித்தால் 40 லட்சம் புள்ளிகள். 15 படங்கள் எடுத்தால் 6 கோடி அளவீடுகள். 5 சென்டிமீட்டர் தடிமனை 1 மில்லிமீட்டர் அடுக்குகளாக வெட்டினால் காண வேண்டியவை 20 கோடி! சமன்பாடுகளைவிடத் தெரியாத எண்களே மிகுதி.

கணிப்பொறி என்ன செய்கிறது? முதலில் ஓர் உத்தேச உருவத்தைக் கொள்கிறது. அதன் நிழல் எப்படி விழும் என்று கணக்கிட்டு, உண்மை நிழலுடன் ஒப்பிடுகிறது. வேறுபாட்டுக்கேற்ப உருவத்தைத் திருத்தி, மீண்டும் மீண்டும் இவ்வாறே செய்கிறது. போலந்துக் கணித அறிஞர் காச்மார்ஸ் 1937-இல் தந்த வழிமுறை இவ்வகையைச் சேர்ந்ததே.

இங்கேதான் ஆராய்ச்சியாளருக்கு வேலை. புள்ளிப்புள்ளியான இரைச்சலை அளவுமீறித் துடைத்தால் சிறு கட்டியும் அழிந்துபோகும். துடைக்காவிட்டால் இல்லாத கட்டி தோன்றும். புரோகிராமில் எழுதும் ஒரு வரி, ஒரு பெண்ணின் நோய் உரிய காலத்தில் தெரிவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கலாம்.

இத்துறைக்கு வர விரும்புவோர் இயற்பியலையும் கணிதத்தையும், குறிப்பாக அணிகளையும் நிகழ்தகவையும், ஊன்றிக் கற்க வேண்டும். புரோகிராம் எழுதவும் பழக வேண்டும். மருத்துவ இயற்பியல் முதுகலைப் படிப்பு அண்ணா பல்கலைக்கழகத்தில் உண்டு.

இன்றே தொடங்கலாமே! ஒன்பது கட்டங்களில் எண்களை எழுதி, வரிசை, நிரல் மொத்தங்களை மட்டும் நண்பரிடம் கொடுங்கள். விடை காண இன்னும் எத்தனை மொத்தங்கள் கேட்கிறார் என்று பாருங்கள்.