வெளிநாட்டிலிருந்து வந்திறங்கியபின் இணைப்பு விமானம்: எவ்வளவு இடைவெளி தேவை?

வெளிநாட்டிலிருந்து ஒரு விமான நிலையத்தில் வந்திறங்கி, அங்கிருந்து வேறொரு விமானத்தில் ஏறிச் செல்ல வேண்டிய ஊருக்குப் போவது இணைப்புப் பயணம் எனப்படும். சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்து தூத்துக்குடி செல்பவரும், சென்னையிலிருந்து நியூயார்க் போய் அங்கிருந்து டாலஸ் செல்பவரும் இந்த வகையினரே. முதல் விமானம் வந்து சேரும் நேரத்துக்கும் அடுத்த விமானம் புறப்படும் நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பலரும் தங்கள் கையிலுள்ள நேரமாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் கையில் இருப்பது அதைவிட மிகவும் குறைவு. இது தெரியாமல் பதிவு செய்தால் இரண்டாவது பயணச்சீட்டின் பணம் போவதோடு, நெருங்கிய உறவினரின் இறுதிச் சடங்குக்கோ தேர்வுக்கோ போய்ச் சேர முடியாமலும் ஆகலாம்.

தரையிறங்கிய பின் நடப்பவை

இந்தியாவில் பொதுவான நடைமுறை இது. வெளிநாட்டிலிருந்து வருபவர் இந்தியாவில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே குடிவரவுச் சோதனையை (இமிகிரேஷன்) முடிக்க வேண்டும். பிறகு பெல்ட்டில் வரும் பெட்டிகளை எடுத்துக்கொண்டு சுங்கப் பகுதியைக் கடக்க வேண்டும். தீர்வை செலுத்த வேண்டிய பொருள் இருந்தால் சிவப்பு வழி, இல்லையென்றால் பச்சை வழி. அதன்பின் பெட்டிகளை உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனைக்குப் போக வேண்டும். வேறு முனையத்துக்கு (டெர்மினல்) மாறுபவர்கள் அதன் வாசலில் நிற்கும் பாதுகாப்புப் படையினரிடம் பயணச்சீட்டையும் அடையாள அட்டையையும் காட்டினால்தான் உள்ளே நுழையவே முடியும்.

இவற்றில் குடிவரவு வரிசையை முன்கூட்டிக் கணிப்பதுதான் கடினம். தனியாக ஒரு விமானம் வந்தால் இருபது நிமிடத்தில் முடியும் வேலை, மூன்று பெரிய விமானங்கள் அடுத்தடுத்து வந்தால் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். சென்னைக்கு வளைகுடா நாடுகளிலிருந்தும் கிழக்காசியாவிலிருந்தும் பல விமானங்கள் நள்ளிரவை ஒட்டியே வருகின்றன. இந்தியக் குடிமக்களுக்கும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் (ஓ.சி.ஐ.) அட்டை உடையவர்களுக்கும் ‘எஃப்.டி.ஐ.-டி.டி.பி.’ என்னும் விரைவுக் குடிவரவுத் திட்டம் 2024 ஜூனில் தில்லியிலும், 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட வேறு சில நிலையங்களிலும் தொடங்கப்பட்டது. முன்னரே இணையத்தில் விண்ணப்பித்து, விரல்ரேகையும் முகப்படமும் பதிந்தவர்கள் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம். ஆனால் பெட்டி வருகிற வேகத்தில்தான் வரும். பெல்ட் அருகே நிற்கும் நேரத்தை எந்தத் திட்டமும் குறைப்பதில்லை.

சக்கர நாற்காலி கேட்டிருக்கும் முதியவர்களைப் பொதுவாகக் கடைசியில்தான் விமானத்திலிருந்து இறக்குவார்கள். பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பெற்றோருக்குச் சீட்டு எடுப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ஒரு கணக்கு

வருகை காலை 10.00, அடுத்த விமானம் பிற்பகல் 1.00 என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி மூன்று மணி நேரம். தாராளம் என்றே தோன்றும்.

முதலில் பின்புறமிருந்து கழிப்போம். இந்திய உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி ஒப்படைக்கும் கவுன்டரைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். ஆகவே நம்முடைய கடைசி நேரம் 1.00 மணி அல்ல, 12.00 மணி. இனி முன்புறமிருந்து வருவோம். விமானம் நின்று, கதவு திறந்து, நம் வரிசை நகர்ந்து வெளியே வர 20 நிமிடம். குடிவரவுக்கு 45 நிமிடம் என்றால் மணி 11.05. பெட்டி கைக்கு வர 11.30. சுங்கம் தாண்ட 11.40. வெளியே வந்து அடுத்த முனையத்தின் வாசலில் சீட்டைக் காட்டி நுழைய 11.55. கவுன்டர் வரிசையில் நமக்கு முன்னால் நான்கு குடும்பங்கள் நிற்கின்றன. மீதி ஐந்து நிமிடம். விமானம் குறித்த நேரத்தில் வந்தால்தான் இந்த ஐந்து நிமிடமும். அரை மணி தாமதித்திருந்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

பெட்டி எதுவும் ஒப்படைக்காமல் கைப்பையோடு மட்டும் வருபவருக்கு, போர்டிங் பாஸை முன்பே இணையத்தில் எடுத்திருந்தால், இந்த நெருக்கடி வெகுவாகக் குறையும். அவருக்கு விமானத்தின் நுழைவாயில் மூடும் நேரமே எல்லை. அது பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 20 முதல் 25 நிமிடம் முன்பு.

ஒரே சீட்டா, இரண்டு சீட்டா?

இடைவெளியை முடிவு செய்வதில் இந்தக் கேள்வியே முக்கியமானது. இரண்டு விமானங்களும் ஒரே பதிவெண்ணில் (பி.என்.ஆர்.) இருந்தால், முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டாலும், சேர வேண்டிய ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பொதுவாக விமான நிறுவனத்தின் பொறுப்பு. அடுத்து இடமுள்ள விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். தனித்தனியாக வாங்கிய இரண்டு சீட்டுகளில் அப்படியில்லை. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். முதல் விமானம் ஏன் தாமதமானது என்பது அவர்களுக்குத் தேவையில்லாத செய்தி.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ‘குறைந்தபட்ச இணைப்பு நேரம்’ என்று ஓர் அளவு உண்டு. அதற்குக் குறைவான இடைவெளியில் பதிவு அமைப்பு ஒரே சீட்டாக விற்காது. அந்த அளவு வசதியான நேரம் அன்று. எல்லாம் ஒழுங்காக நடந்தால் போதுமானது என்பதே அதன் பொருள். தனிச் சீட்டுகளை வாங்கும்போது அந்தக் காவலும் இல்லை. ஒரு மணி நேர இடைவெளியில் வாங்கினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

தனிச் சீட்டில் எடைச் சிக்கலும் உண்டு. நீண்டதூர வெளிநாட்டு விமானங்களில் 23 கிலோ பெட்டிகள் இரண்டுக்கு அனுமதி கிடைப்பது உண்டு. உள்நாட்டுச் சாதாரண வகுப்பில் பெரும்பாலும் 15 கிலோதான். 46 கிலோவோடு போய் நின்றால் 31 கிலோவுக்குத் தனிக் கட்டணம். அதைக் கட்டிவிட்டு வருவதற்கும் நேரம் பிடிக்கும். கூடுதல் எடையை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுவது பெரும்பாலும் மலிவு.

முனையம் மாறுதல்

சென்னையில் வெளிநாட்டு விமானங்கள் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய கட்டடம் உள்ள இரண்டாவது முனையத்துக்கு வருகின்றன. உள்நாட்டுச் சேவைகள் ஒன்றாவது, நான்காவது முனையங்களில் நடக்கின்றன. எல்லாம் ஒரே வளாகம்தான்; ஆனால் பெட்டிகளோடு வெளியே வந்துதான் மாற வேண்டும். மும்பையில் வெளிநாட்டு விமானங்கள் வரும் இரண்டாவது முனையத்திலிருந்து ஒன்றாவது முனையத்துக்குச் சாலை வழியாகச் செல்ல வேண்டும். மும்பைச் சாலை நெரிசலைச் சொல்ல வேண்டியதில்லை. தில்லியில் மூன்றாவது முனையத்திலேயே இரு வகை விமானங்களும் உண்டு. ஆனால் அடுத்த விமானம் ஒன்றாவது முனையத்தில் என்றால் அதற்கும் சாலைப் பயணம்தான். எந்த நிறுவனம் எந்த முனையத்தில் என்பது அவ்வப்போது மாறுவதால், பயணத்துக்கு முந்தைய நாள் சீட்டில் பார்த்துக்கொள்வது நல்லது.

பிற நாடுகளில்

அமெரிக்காவிலும் இந்தியாவைப் போலவே, முதலில் இறங்கும் நிலையத்தில் குடிவரவும் சுங்கமும் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைப்பதே பொதுவான முறை. வேறு நாட்டுக்குப் போகிற வழியில் அங்கு விமானம் மாறுபவருக்கும் விசா தேவைப்படும். அபுதாபி, டப்ளின் போன்ற சில நிலையங்களில் அமெரிக்கக் குடிவரவுச் சோதனையைப் புறப்படும் முன்பே முடித்துவிடலாம். அப்படி வருபவர்கள் அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணிகளைப் போல இறங்கிப் போவார்கள். வரியில்லாக் கடையில் வாங்கிய பெரிய வாசனைத் திரவியப் புட்டியைப் பெட்டி கையில் இருக்கும்போதே அதற்குள் வைத்துவிட வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிலிட்டர் கட்டுப்பாடு காத்திருக்கும்.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் ஒரே சீட்டில் வந்தால் பெட்டி பொதுவாக நேரே கடைசி ஊருக்குப் போய்விடும். கடவுச்சீட்டுச் சோதனை மட்டும் முதல் நாட்டில். 2025 அக்டோபர் 12 முதல் அங்கு வெளிநாட்டவரின் விரல்ரேகையையும் முகப்படத்தையும் பதியும் முறை தொடங்கியிருப்பதால் முதல்முறை செல்பவர்கள் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். தனிச் சீட்டுகளோடு அங்கு பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியிருந்தால், அது அந்த நாட்டுக்குள் நுழைவதாகும். அதற்குரிய விசா இல்லாதவர் மாட்டிக்கொள்வார்.

எவ்வளவு விடலாம்?

என் கருத்தில், இந்தியாவில் ஒரே சீட்டு, ஒரே முனையம் என்றால் மூன்று மணி நேரம். தனிச் சீட்டு என்றால் நான்கு. சாலை வழியே முனையம் மாற வேண்டுமானால் ஐந்து. தில்லியில் டிசம்பர், ஜனவரி மூடுபனிக் காலத்திலும், சென்னையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் இதுவும் போதாமல் போகலாம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலால் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. அன்றைய கடைசி விமானத்தை இணைப்பாக வைத்துக்கொள்ளாமல் இருப்பது இன்னொரு பாதுகாப்பு. குறைவான சேவைகளே உள்ள தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்கு அதைத் தவறவிட்டால் மறுநாள்தான்.

தேதியையும் கவனியுங்கள். 12ஆம் தேதி 00.30 மணி வருகை என்றால் 11ஆம் தேதி இரவு தூங்காமல் வருகிறீர்கள் என்று பொருள். 12ஆம் தேதி இரவு என்று நினைத்து 13ஆம் தேதி காலைக்கு அடுத்த சீட்டை எடுப்பவர்கள் உண்டு.

திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய ஊர்களுக்கு வெளிநாடுகளிலிருந்து நேரடி விமானங்களே உள்ளன. சிங்கப்பூர், கொழும்பு, வளைகுடா நகரங்களிலிருந்து வருபவர்கள் முதலில் அவற்றைப் பார்க்கலாம். சென்னையில் இணைப்பு தவறிப்போனால், தென்மாவட்டப் பேருந்துகள் புறப்படும் கிளாம்பாக்கமும், ரயில்கள் நின்று செல்லும் தாம்பரமும் விமான நிலையத்திலிருந்து தெற்கே அதே ஜி.எஸ்.டி. சாலையில்தான் இருக்கின்றன.