கிணற்றுக்கேற்ற இம்பெல்லர்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிடும் சிறு விவசாயிகள் பலருக்குக் கிணற்று நீரே ஆதாரம். மோட்டார் வாங்கும்போது எத்தனை குதிரைத்திறன் என்று கேட்கிறோமே தவிர, உள்ளே சுழலும் இம்பெல்லர் நம் கிணற்றின் உயரத்துக்குப் பொருந்துமா என்று கேட்பதில்லை. படகுக்கு விசிறி எப்படியோ, பம்புக்கு இம்பெல்லர் அப்படி. பொருந்தாததை மாட்டினால் நல்ல எஞ்சினும் திணறும்.

முதலில் மொத்த உயரத்தை அளக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கயிறு விட்டு நீர்மட்டத்தைப் பார்க்கவும். அங்கிருந்து தண்ணீர் கொட்டும் வாய் வரை உள்ள உயரத்துடன் குழாயின் உராய்வையும் சேர்க்க வேண்டும். இரண்டரை அங்குலக் குழாய்க்குப் பதிலாக, செலவு மிச்சமென்று இரண்டு அங்குலம் போட்டால், அதே தண்ணீருக்கு உராய்வு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது.

200 லிட்டர் டிரம் 40 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 5 லிட்டர். மொத்த உயரம் 30 மீட்டரானால், இரண்டையும் பெருக்கி 75-ஆல் வகுக்க 2 குதிரைத்திறன் வரும். பம்பின் திறன் பாதி என்று கொண்டால் 4 தேவை. 5 குதிரைத்திறன் மோட்டார் போதும்.

நீர்மூழ்கி மோட்டாரில் இம்பெல்லர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அடுக்கும் ஒரு ஸ்டேஜ். ஸ்டேஜ் கூடினால் தள்ளும் உயரமே கூடும். ஆகவே 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூடுதல் ஸ்டேஜ் வாங்குவது ஆபத்து. கோடையில் நன்றாக ஓடிய மோட்டார், ஐப்பசி, கார்த்திகையில் கிணறு நிரம்பியதும் காயில் கருகிப்போவதுண்டு. தண்ணீர் மேலே வந்தால் சுமை குறையும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. உயரம் குறைந்ததும் தண்ணீர் அதிகமாகப் பாய்கிறது. மோட்டார் இழுக்கும் ஆம்பியரும் ஏறுகிறது. அப்போது வெளியேற்றுக் குழாயின் கேட் வால்வைச் சிறிது மூடி, பெயர்த்தகட்டில் குறித்த ஆம்பியரைத் தாண்டாமல் ஓட்டவும். மின்சாரம் இலவசம், காயில் கட்டும் கூலி இலவசமன்று.

பெரம்பலூரின் பாறைக் கிணறுகளில் நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் பெரிதும் ஏறி இறங்கும். எனவே தகட்டிலுள்ள உயர வரம்புக்குள் கோடை உயரம், மழைக்கால உயரம் இரண்டும் அடங்குகின்றனவா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

மோனோபிளாக் பம்பின் தள்ளுயரம் தேவைக்கு அதிகமானால் இம்பெல்லரின் விளிம்பைக் கடைசலில் குறைக்கலாம். விட்டத்தில் 10 சதம் குறைத்தால் தண்ணீர் சுமார் 10 சதமும், உயரம் 19 சதமும், எடுக்கும் சக்தி 27 சதமும் குறையும். கடைந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது; சிறிது சிறிதாகக் கடையச் சொல்லவும்.

மோனோபிளாக் பம்பு நீர்மட்டத்துக்கு 6 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்தால் எந்த இம்பெல்லரும் பயன்படாது. கோடையில் மட்டம் அதற்கும் கீழே போகும் கிணறுகளில், உள்ளே மேடை கட்டிப் பம்பை இறக்கி வைக்க வேண்டும்.