உயரத்தைச் சேமிக்கும் வாய்க்கால்

நாமக்கல் என்றதும் முட்டையும் லாரியும் ஆஞ்சநேயரும் நினைவுக்கு வருவது வழக்கம். ஆண்டு முழுவதும் சேர்த்தே ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெய்யும் மேட்டுப் பூமி இது. நிலக்கடலையும் சோளமும் மரவள்ளியும் வானத்தை நம்பி விளைகின்றன. அதே மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், ஜேடர்பாளையத்தில் தொடங்கிப் பாண்டமங்கலம், பொத்தனூர், பரமத்திவேலூர் எனக் காவிரியை ஒட்டி நடந்தால், நாம் பார்த்த நாமக்கல் இதுதானா என்று தோன்றும். வாழை, தென்னை, கரும்பு, வெற்றிலைக் கொடிக்கால். இவற்றையெல்லாம் கோத்தபடி நடுவே ஓடுகிறது ராஜவாய்க்கால்.

இந்த வாய்க்கால் கரை நடப்பதற்கென்றே அமைந்தது போன்ற பாதை. தண்ணீர் போகும் திசையிலேயே நடந்தால் வலது பக்கம் தோப்புகள் படிப்படியாகத் தாழ்ந்து காவிரிக் கரையில் முடியும். இடது பக்கம் நிலம் மேடேறும். கொஞ்ச தூரம் தள்ளினாலே கிணற்றையும் மழையையும் நம்பிய காடு. ஒரு பக்கம் நஞ்சை, மறுபக்கம் புஞ்சை, இரண்டுக்கும் எல்லைக்கோடாக வாய்க்கால். கண்ணுக்கு இதமான காட்சி என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் இந்தக் காட்சிக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. ஆறு பள்ளத்தில் கிடக்கிறது. அதிலிருந்து வந்த தண்ணீர் மேட்டில் ஓடுகிறது. நடுவில் மோட்டாரும் இல்லை, ஏற்றமும் இல்லை. தண்ணீர் எப்படி மேலே வந்தது?

அது மேலே வரவே இல்லை என்பதுதான் பதில். ஆறுதான் கீழே இறங்கிப் போய்விட்டது.

ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே படுகை அணை கட்டி, ராஜவாய்க்காலை வெட்டியவர் 17ஆம் நூற்றாண்டில் பரமத்தியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் என்று இந்தப் பகுதி மக்கள் நன்றியோடு சொல்கிறார்கள். ஜேடர்பாளையத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. தை முதல் நாளில் மாலை அணிவிக்கிறார்கள். கொமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால் என்று இன்றும் பாசனம் தரும் குடும்பத்துக்கு ராஜவாய்க்கால்தான் தலைப்பிள்ளை.

படுகை அணை என்பது மேட்டூர் போலத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் அணை இல்லை. ஆற்றின் மட்டத்தைச் சிறிதளவு உயர்த்தி, தலைமதகுக்குள் தண்ணீர் நுழையச் செய்வதே அதன் வேலை. மிச்சம் மேலே வழிந்து ஆற்றோடு போகும். மதகுக்குள் நுழைந்த நொடியில் வாய்க்கால் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் இருக்கின்றன. பிறகுதான் இரண்டும் பிரிகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு ஒரு கிலோமீட்டருக்கு 1 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலை 3 கிலோமீட்டருக்கு 1 மீட்டர் மட்டும் இறங்கும்படி வெட்டுகிறோம். 15 கிலோமீட்டர் போனதும் ஆறு 15 மீட்டர் கீழே போயிருக்கும். வாய்க்கால் 5 மீட்டர்தான் இறங்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவே 10 மீட்டர், அதாவது மூன்று மாடி உயரம். அந்த 10 மீட்டருக்குள் அடங்கும் நிலம் முழுவதும் மடையைத் திறந்தால் தானாகவே தண்ணீர் பாயும் ஆயக்கட்டு. இயற்கை தந்த உயரத்தை ஆறு அவசரமாகச் செலவழிக்கிறது. வாய்க்கால் அதையே சிக்கனமாகச் செலவழித்து மிச்சம் பிடிக்கிறது. ராஜவாய்க்கால் சேமிப்பது உயரத்தை. பச்சை நிறம் அந்தச் சேமிப்புக்குக் கிடைத்த வட்டி.

சிக்கனமாக இறங்குவது என்றால் நினைத்த பக்கம் போக முடியாது. குறுக்கே மேடு வந்தால் சுற்றிக்கொள்ள வேண்டும், பள்ளம் வந்தால் அதன் விளிம்போடு வளைய வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில், ஈரோடு மாவட்டத்தில் 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் இப்படித்தான் நெளிந்து நெளிந்து ஓடி 15,743 ஏக்கருக்குப் பாய்கிறது. ஒரு பாம்பு முன்னே போய் வழிகாட்டியது, அது போன தடத்தில் வெட்டினார்கள் என்று அங்கே கதை உண்டு. அந்தத் தடத்தை இன்றைய பொறியாளர் வரைபடத்தில் சமமட்டக் கோடு என்று வரைகிறார். மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி இல்லாத காலத்தில் இதை எப்படிச் சாதித்தார்கள் என்று வியக்கிறோம். தண்ணீரைவிட நேர்மையான மட்டக் கருவி உலகத்தில் கிடையாது. இன்றைக்கும் கொத்தனார் இரண்டு சுவர்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரத் தண்ணீர் நிரப்பிய டியூபைத்தான் நம்புகிறார்.

சரிவைக் குறைத்துக்கொண்டே போனால் இன்னும் அதிக நிலத்துக்குப் பாயுமே என்று கேட்கலாம். பாயாது. சரிவு குறைந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் ஆற்றுத் தண்ணீரில் வரும் வண்டல் அடியில் படிந்து வாய்க்காலே தூர்ந்துபோகும். சரிவு கூடினால் தண்ணீர் கரையை அரித்து உடைத்துவிடும். படியவும் கூடாது, அரிக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் இருக்கிறது. பஞ்சாபின் மேல் பாரி தோஆப் கால்வாயில் ஆராய்ச்சி செய்த கென்னடி என்ற பொறியாளர் 1895இல் அதற்கு ஒரு வாய்பாடு தந்தார். அடியில் உரசி எழும் சுழல்கள்தான் வண்டலைத் தூக்கிப் பிடிக்கின்றன; ஆழம் கூடினால் வேகமும் கூட வேண்டும் என்றார். அவர் கணக்குப்படி 1 மீட்டர் ஆழ வாய்க்காலுக்கு விநாடிக்கு 0.55 மீட்டர் வேகம் வேண்டும். மணிக்கு 2 கிலோமீட்டர். பேசிக்கொண்டே காலாற நடப்பவரின் வேகம் அதுதான். நல்ல வாய்க்கால் ஒன்றின் கரையில் உலாவும்போது தண்ணீர் நம்மோடு சேர்ந்து நடப்பதுபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

இதை யாரும் அளந்து பார்க்கலாம். வாய்க்கால் நேராக ஓடும் இடத்தில் கரையில் 10 மீட்டர் தூரத்துக்கு இரண்டு குச்சிகளை நடுங்கள். மேல் குச்சிக்குச் சற்று முன்னால், நடுத் தண்ணீரில் ஒரு பூவரச இலையைப் போடுங்கள். முதல் குச்சியைத் தாண்டும்போது கைபேசியில் நேரத்தைத் தொடங்கி, இரண்டாவதைத் தாண்டும்போது நிறுத்துங்கள். 15 விநாடி என்றால் மேற்பரப்பின் வேகம் விநாடிக்கு 0.67 மீட்டர். அடியும் கரையும் உரசுவதால் உள்ளே வேகம் குறைவு; 0.85ஆல் பெருக்கினால் சராசரி 0.57. வாய்க்கால் 6 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் இருந்தால் விநாடிக்கு 3.4 கன மீட்டர், அதாவது சுமார் 120 கன அடி. செய்தித்தாளில் தினமும் படிக்கும் ‘கன அடி’ கணக்கு ஓர் இலையால் கைக்கு வந்துவிடும்.

வளைவுகளில் இன்னொரு அதிசயம் நடக்கிறது. வளைவின் வெளிப்பக்கம் ஆழமாகவும் உட்பக்கம் மணல் திட்டாகவும் இருப்பதைக் கவனிக்கலாம். தேநீரைக் கரண்டியால் கலக்கிவிட்டால் தூள் ஓரத்துக்குப் போகாமல் கோப்பையின் நடுவில் வந்து குவிவது ஏன் என்பதை 1926இல் ஐன்ஸ்டைன் ஒரு கட்டுரையில் விளக்கினார். ஆறு நெளிவதற்கும் அதே காரணம்தான் என்று காட்டினார். மேல் தண்ணீர் வேகமாகச் செல்வதால் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. அடித்தண்ணீர் உரசலால் தளர்ந்து, மணலை இழுத்துக்கொண்டு உட்பக்கம் வருகிறது. முறுக்கிய கயிறு போலச் சுழன்றபடிதான் தண்ணீர் வளைவைக் கடக்கிறது. இதனால்தான் ஆற்றிலிருந்து வாய்க்காலைப் பிரிக்க வளைவின் வெளிப்பக்கம் சிறந்த இடமாகக் கருதப்படுகிறது. தெளிந்த மேல் தண்ணீர் மதகுக்கு வரும், மணல் எதிர்க்கரையோடு போய்விடும்.

வாய்க்காலில் கண்ணுக்குத் தெரிந்து ஓடுவது ஒரு பங்குதான். மண் கரை வழியாகவும் அடி வழியாகவும் கணிசமான தண்ணீர் ஓயாமல் கசிகிறது. கணக்குப் புத்தகத்தில் அது இழப்பு. ஆனால் கரையோரக் கிணறுகளில் மட்டம் நிற்பது அந்த இழப்பால்தான். தூர்வாருவதற்காக வாய்க்காலை நிறுத்தும் நாட்களில் தண்ணீர் இறங்குவதைக் கிணற்றுக்காரர்கள்தான் முதலில் கவனிப்பார்கள்.

இந்த ஈரத்தின் அருமை தெரிய ஒரு கொடிக்காலுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். வெற்றிலையின் பூர்வீகம் தென்கிழக்காசியாவின் மழைக்காடு. நிழலும் ஈரக்காற்றும் வேண்டும். வேர் காயவும் கூடாது, தண்ணீரில் நிற்கவும் கூடாது. பரமத்திவேலூர்ப் பகுதி விவசாயிகள் முதலில் அகத்தியை விதைத்து வளர்க்கிறார்கள். அதுவே கொடிக்குக் கொழுகொம்பு, அதுவே குடை. அவரைக் குடும்பத்து மரம் ஆதலால் வேரில் நுண்ணுயிர்களை வைத்துக் காற்றின் நைட்ரஜனை மண்ணுக்கும் தருகிறது. பாத்திகளுக்கு நடுவே குழி வாய்க்கால்களில் தண்ணீர் நனைத்துவிட்டு வடிந்துபோகிறது. கொடியை வாழை நாரால் அகத்தியோடு கட்டிக் கட்டி ஏற்றுகிறார்கள். வெள்ளைக்கொடி, கற்பூரி ரக வெற்றிலைகள் கிள்ளி அடுக்கப்பட்டு, 104 கவுளி சேர்ந்தால் ஒரு சுமையாகச் சந்தைக்குப் போகின்றன. மானாவாரிப் பூமியின் விளிம்பில் ஒரு சிறு மழைக்காட்டைக் கையால் செய்து வைத்திருக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் உடம்பில் படும் குளிர்ச்சிக்கு நிழல் மட்டும் காரணமில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம், 1000 வாட் ஹீட்டர் 40 நிமிடம் எரிந்தால் வரும் வெப்பத்துக்குச் சமம். பச்சைப் பயிர் நிறைந்த ஓர் ஏக்கர், நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீரை ஆவியாக்கினால் அது 20,000 லிட்டர். அத்தனை வெப்பத்தையும் வெயிலிடமிருந்து அந்த ஏக்கர் வாங்கி விழுங்குகிறது.

இனி இந்த வாய்க்காலை என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் கேள்வி. கான்கிரீட் பூசினால் கசிவு குறைந்து கடைமடைக்குத் தண்ணீர் எட்டும். கரையோரக் கிணறுகளின் ஊட்டம் குறையும். எங்கே பூசுவது, எங்கே மண்ணாகவே விடுவது என்பதைக் கிணறுகளையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஊர்க் கழிவைக் கொண்டுவந்து விட்டால் அதன் சத்தைத் தின்று ஆகாயத்தாமரை மண்டும். தண்ணீரின் நடை தளரும். தளர்ந்த இடத்தில் வண்டல் படியும். ஒரு குழாய் ஊற்றும் சாக்கடை, பல மைல் தள்ளியிருக்கும் வயலின் உயரத்தைத் திருடுகிறது.

அழகுக்காகவே வெட்டிய வாய்க்கால்களுக்கு என்ன ஆனது என்றும் பார்ப்போம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கடற்கரையில் அபட் கின்னி என்பவர் 1905இல் இத்தாலியின் வெனிஸைப் போலவே வாய்க்கால்கள் ஓடும் ஒரு குடியிருப்பைத் திறந்தார். மக்கள் உலாவவும் படகில் போகவும் வெட்டிய வாய்க்கால்கள் அவை. கார்கள் பெருகியதும் 1929இல் அவற்றில் பெரும்பாலானவற்றை மூடிச் சாலை போட்டார்கள். எஞ்சிய சிலவற்றை 1990களில் புதுப்பித்தார்கள். இன்று அவற்றின் கரையில் நடப்பதற்கென்றே உலகமெங்கிலுமிருந்து மக்கள் போகிறார்கள். பார்வைக்காக வெட்டிய வாய்க்கால் கால் நூற்றாண்டைத் தாண்டுவதற்குள் மண்ணால் மூடப்பட்டது. வயலுக்காக வெட்டிய நம் வாய்க்கால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓடுகிறது. அதன் அழகை யாரும் தனியாகச் செய்து வைக்கவில்லை. மதகு திறக்கும் லஸ்கரும், தூர்வாரும் கைகளும், மடை மாற்றும் விவசாயியும் செய்கிற வேலையின் முகம்தான் அந்த அழகு. ஆகவே ராஜவாய்க்காலை அழகுபடுத்தத் திட்டம் எதுவும் தேவையில்லை. அதன் சரிவு கெடாமல், தண்ணீர் நடக்கும் வேகத்தில் ஓடும்படி வைத்திருந்தால் போதும்.