ஒரு தேக்கரண்டித் திரவம், மூன்றரை லிட்டர் வாயு

2024 ஏப்ரல் கடைசியில், பெங்களூரில் ஒரு கல்யாண வரவேற்பு. புகை கக்கும் ‘ஸ்மோக் பீடா’வை வாங்கித் தின்ற 12 வயதுச் சிறுமிக்குக் கடும் வயிற்றுவலி. மற்றவர்களும் அதைத்தான் தின்றார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எச்.எஸ்.ஆர். லேஅவுட் நாராயணா மருத்துவமனையில் அவள் வயிற்றைத் திறந்தார்கள். எண்டோஸ்கோப்பையும் உள்ளே விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் ஓட்டை, அதன் சிறுவளைவில், அதாவது வளைந்த பையின் உட்புற ஓரத்தில், சுமார் 4-க்கு 5 செ.மீ. சிதைவு. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துத் தைத்தார்கள்.

புகைக்குக் காரணம் திரவ நைட்ரஜன். அது கொதிப்பதே மைனஸ் 196 டிகிரி செல்சியஸில். அப்படியானால் நாக்கு ஏன் உறைந்துபோகவில்லை? காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடுமே, அதே வித்தைதான். துளிக்கும் நாக்குக்கும் நடுவே மெல்லிய ஆவிப்படலம் உருவாகி, கொஞ்ச நேரத்துக்குக் காப்பாற்றுகிறது. 1756-இல் இதை விவரித்த லைடன்ஃப்ராஸ்ட் ஒரு மருத்துவர்!

ஆபத்து குளிரைவிட வாயுவில் இருக்கிறது. திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறத்தாழ 700 மடங்கு விரியும். 5 மில்லி, சுமார் மூன்றரை லிட்டராகிவிடும். வளர்ந்தவரின் இரைப்பையே சௌகரியமாகக் கொள்வது ஒன்றரை லிட்டர்வரைதான். மடித்த வெற்றிலைக்குள் கொஞ்சம் திரவம் ஆவியாகாமல் தங்கியிருந்தால் போதும். ஒருத்திக்கு மட்டும் நேர்ந்ததற்கு இதுவே பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது.

ஏப்பமாக வெளியேறாதா? இங்கேதான் உடலின் அமைப்பே எதிராகத் திரும்புகிறது. இரைப்பை உப்ப உப்ப, உணவுக்குழாய் வந்து சேரும் மூலை மடங்கி, மேல்வாசல் இறுக மூடிக்கொள்கிறது. அழுத்தம் கூடுகிறது. வெளிவளைவில் மடிப்புகள் ஏராளம், விரிந்து கொடுக்கும். சிறுவளைவில் மடிப்பும் நெகிழ்வும் குறைவு, அதனால் பெரும்பாலும் அங்கேதான் கிழிகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. அபூர்வ நோயாளிகளே ஆசிரியர்கள். 2012-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில், பிறந்தநாளன்று திரவ நைட்ரஜன் கலந்த பானம் குடித்த 18 வயதுப் பெண்ணுக்கு இரைப்பையையே அகற்ற வேண்டியிருந்தது. அது முழுக்க ஆவியாகும்முன் உணவைப் பரிமாறக் கூடாதென்று 2024-இல் தமிழ்நாடும் கர்நாடகமும் உத்தரவிட்டன.

இனி இப்படியொருவர் வயிறு உப்பி வந்தால், வாயில் காயமில்லையே என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. நிற்கவைத்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உதரவிதானத்துக்கு அடியில், இரைப்பைக்கு வெளியே, கருப்பாகக் காற்று தெரிந்தால், இரைப்பை கிழிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அடுத்தது அறுவை அரங்குதான்.